கைப்பேசிக் காவல்தெய்வம்

நம் ஊர்களில் எல்லைக்கு ஒரு காவல்தெய்வம் உண்டு. அதுபோலத் தெருவுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு ஒருவர், கல்யாணப் பந்திக்கு ஒருவர் என்று இப்போது புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. இவர்களுக்கு அரிவாள் வேண்டாம், குதிரை வேண்டாம், கிடா வெட்டும் வேண்டாம். நம் காது மட்டும் போதும். நீங்கள் பேருந்தில் உட்கார்ந்து, “அம்மா, பஸ் ஏறிட்டேன்” என்று போனில் சொல்லி முடிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: “இப்படிச் சத்தமா சொல்லக் கூடாதுங்க. நீங்க வீட்ல இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சுல்ல?” திரும்பிப் பாருங்கள். அவரேதான். கைப்பேசிக் காவல்தெய்வம்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். போனைச் சீட்டாட்டக்காரர் சீட்டைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார். போனின் கேமரா மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். விடிந்ததும் உங்களுக்கு ‘அவசரம்! அவசரம்!’ என்று ஒரு செய்தி அனுப்புவார். தெரியாத லிங்க் எதையும் தொடாதீர்கள் என்பது அந்தச் செய்தியின் சாரம். மேலும் விவரம் அறிய என்று அடியில் ஒரு லிங்க் இருக்கும். அவர் அனுப்பியது என்பதாலேயே அதைத் தொடலாமாம்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். கொடைக்கானலில் ஏழு ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கும் அடைக்கலராஜ். காலையிலிருந்து இரவு வரை சாவிக்கொத்தோடு புழங்குகிறவர் என்பதால் பூட்டு என்றாலே அவருக்கு ஒரு வாத்சல்யம். தேனிலவுக்கு வந்த புதுமாப்பிள்ளை வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் எழுதித் தர மாட்டார். காதோடுதான் சொல்வார். அது நீளமான பாஸ்வேர்டு. மேனேஜரும் மாப்பிள்ளையும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்பதைப் பார்த்துப் புதுப்பெண் முகம் சுளிப்பாள். பாதுகாப்பு என்றால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

அவருடைய வரலாறு சிம் கார்டின் வரலாறு. ரேஷன் கார்டு நகலும் ஒரு போட்டோவும் கொடுத்தால் சிம் கிடைத்த அந்தக் காலத்தில், நகலின் குறுக்கே ‘சிம் வாங்க மட்டும்’, ‘வேறெதற்கும் செல்லாது’, ‘மீறினால் நடவடிக்கை’ என்று நாலா திசையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போட்டோவின் மேலும் கையெழுத்து ஓடியதில் மூக்குகூட மிஞ்சவில்லை.

“மேனேஜர், இதுல ஆளே தெரியலையே?” என்றார் பஜாரில் போன் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது.

“அதான் பாய் வேணும்.”

பிறகு போன்கள் இளைத்தன. கூடவே சிம்மும் இளைத்தது. புதுப் போனுக்குப் பொருந்தும்படி பழைய சிம்மின் ஓரத்தை சாகுல் ஹமீது கத்தரித்துக் கொடுத்தபோது, தரையில் விழுந்த பிளாஸ்டிக் துணுக்குகளை அடைக்கலராஜ் முழங்காலிட்டுப் பொறுக்கினார். “அது குப்பைங்க” என்றார் பாய். “குப்பையிலேருந்துதான் டூப்ளிகேட் எடுக்கிறாங்க” என்று சொல்லி, அவற்றைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டு எரித்தார். அன்று அவர் மனைவி ஜெசிந்தா வைத்த ரசத்தில் சிம் வாசம் அடித்தது.

அப்புறம் சிம் வாங்கப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்று வந்தது. வைத்தார். வைத்த ரேகை மிஷினிலேயே ஒட்டிக்கொண்டிருக்குமே என்று பயந்து, கைக்குட்டையை எச்சிலில் நனைத்து மிஷினைத் துடைத்தார். பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த மிஷின் யார் ரேகையையும் எடுக்கவில்லை. சாகுல் ஹமீது பொறுமைசாலி. ஆனால் அதற்குப் பின் இவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அடைக்கலராஜ் ஒருமுறைகூடத் தன் போனை சாகுல் ஹமீதின் கையில் கொடுத்ததில்லை. கடைக்குப் போவார். போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு திரையையும் மறைத்துக்கொண்டு, “சொல்லுங்க பாய், எங்க தொடணும்?” என்பார். கண்ணைக் கட்டிய மருத்துவர் போல அந்தப் பக்கம் நின்றபடி அவர் வைத்தியம் சொல்ல வேண்டும். “பாய் தங்கமான மனுசன்தான். ஆனா போனு அவர் கைக்குப் போச்சுன்னா அப்புறம் நம்ம போனு இல்ல” என்பது இவர் கட்சி.

பூட்டுகளும் காலத்துக்கேற்ப மாறின. முதலில் புள்ளிகளை இணைத்துக் கோலம் போடும் பூட்டு. அது கண்ணாடியில் தடம் விடுகிறது என்று கேள்விப்பட்டதும் விரல் ரேகைக்கு மாறினார். தூங்கும்போது யாராவது நம் விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடலாம் என்று ஒரு செய்தி வந்தது. சில நாள் கையுறை போட்டுக்கொண்டு தூங்கினார். “உங்க போனைத் தொறந்து நான் என்னத்தப் பாக்கப் போறேன், குட் மார்னிங் படத்தையா?” என்று ஜெசிந்தா கேட்டாள். ரேகையை அழித்துவிட்டு, முகம் காட்டினால் திறக்கும் பூட்டைப் போட்டார். “மொகத்தை எவன் திருடுவான்?”

தை மாதக் குளிரில், லாட்ஜ் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து முகத்தைப் பதிந்தார். வலப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். தலையில் மெரூன் நிற மங்கி குல்லா இருந்தது. கண், மூக்கு, மீசை தவிர மற்றதெல்லாம் கம்பளிக்குள். அதைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது அவர் குற்றமில்லை. கொடைக்கானலில் குல்லா வெள்ளனே எழுந்ததும் தலையில் ஏறினால் படுக்கிறவரை இறங்காது.

முகம் பொய்த்தால் போடுவதற்கு ஒரு கடவு எண்ணும் உண்டு. அதை ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் மாற்றிவிடுவார். மறந்துவிடக் கூடாதே என்று பத்திரமான ஓர் இடத்திலும் குறித்து வைப்பார். அந்த இடத்தைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

கடைசியாக, போன மாதம், இ-சிம். சிம்மே கிடையாது, எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும், கழற்ற முடியாது என்று தெரிந்ததும் அடைக்கலராஜ் குழந்தைபோல மகிழ்ந்தார். லாட்ஜுக்கு வருகிறவர், போகிறவர், பால்காரர், பேத்துப்பாறையிலிருந்து கேரட் கொண்டுவருகிறவர் என்று ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொன்னார்: “எந்தக் கொம்பனும் என் சிம்மைக் கழட்ட முடியாதுங்க. நானே நெனச்சாலும் முடியாது!”

இதைக் கேட்டுக்கொண்டு விதி சும்மா இருக்குமா?

பழனியில் ஜெசிந்தாவின் தங்கை வீடு கட்டியிருந்தாள். வீடு மந்திரிப்புக்கு அடைக்கலராஜ், மனைவி, மகள் அமலி மூவரும் மலையிறங்கி வந்தார்கள். பேருந்தில் போனை வெளியே எடுக்கக் கூடாது என்பது இவர் விதி. எடுக்கவில்லை. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், பிரியாணி பரிமாறப்பட்டது, கை கழுவும் இடத்தில் நாலு பேருக்கு உபதேசமும் நடந்தது. அப்போதுதான் அமலி ஓடி வந்தாள்.

“அப்பா! நர்சிங் சீட்டு கெடச்சிருச்சு! மதுரை காலேஜே! அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணுமாம். உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

அவள் இரண்டு வருடமாகக் கனவு கண்ட சீட்டு. அடைக்கலராஜ் சந்தோஷத்தில் மகளின் தலையில் கை வைத்தார். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது: “ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது கண்ணு.”

“நாந்தானப்பா கேக்கேன்!”

“பழக்கத்துல வந்துருச்சு” என்று போனை முகத்துக்கு நேரே தூக்கினார். திறக்கவில்லை. மறுபடி தூக்கினார். ‘முகம் பொருந்தவில்லை’ என்றது போன். பூட்டிய திரையில் எந்தச் செய்தியும் தெரியாதபடி எப்போதோ அவரே செய்து வைத்திருந்தார். நிழலுக்குப் போய்த் தூக்கினார், மீசையைத் தடவிவிட்டுத் தூக்கினார். மைத்துனியின் புது வீட்டில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், அவர் போன் அவரைப் பார்த்து நீ யார் என்று கேட்டது.

“சிம்மைக் கழட்டி என் போன்ல போடுங்க” என்றாள் அமலி.

“இது இ-சிம்மு” என்றார் மெதுவாக.

“அப்ப நம்பரைப் போட்டுத் தெறங்க. எங்கயோ பத்திரமா குறிச்சு வச்சிருக்கீங்கல்ல?”

“வச்சிருக்கேன்.”

“எங்க?”

“போனுக்குள்ள.”

பிறகு, பதிந்தபோது முகம் எப்படி இருந்தது என்று ஜெசிந்தா கேட்டாள். அவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. கடைசியில் சொன்னார்.

“குல்லாவைக் கொண்டு வந்திருக்கியா?” என்று மனைவியைக் கேட்டார்.

“அந்த நாத்தம் புடிச்சதையா? காலையில ஊறப்போட்டுட்டுல்ல வந்தேன்! வாளிக்குள்ள கெடக்கு.”

ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் குல்லா மாதிரிச் சுற்றினார்கள். பல்வலிக்காரர் போல இருந்தார். போன் ஏமாறவில்லை. இன்னும் ஒரேயொரு தடவைதான் முகம் பார்ப்பேன், அதற்குமேல் கடவு எண்தான் என்று எச்சரித்தது. அமலியின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. “எல்லாத்துக்கும் அப்பா நம்பரைக் குடு, அதான் சேஃப்டின்னு நீங்கதானப்பா சொன்னீங்க” என்றாள். அவர் நெஞ்சில் அது தைத்தது. ஊருக்கெல்லாம் காவல் இருந்துவிட்டுத் தன் பிள்ளையை வெளியே வைத்துப் பூட்டிவிட்டோமே என்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

மூவரும் அடிவாரக் கடைகளுக்கு ஓடினார்கள். மொட்டை போட்டவர்களுக்கான தொப்பி, பனையோலைத் தொப்பி, பிள்ளைகளுக்கு விசிறி வைத்த தொப்பி, எல்லாம் இருந்தன. மங்கி குல்லா மட்டும் இல்லை. “இந்த வெயிலுக்கா? சந்தனம் வேணா தடவி விடட்டுமா?” என்றார் ஒரு கடைக்காரர், நிஜமான அக்கறையுடன்.

யோசனை சொன்னவள் ஜெசிந்தாதான். “கொடைக்கானல் பஸ்ஸு வரும்ல? எவனாவது ஒருத்தன் குல்லாவோட எறங்க மாட்டானா? வெரசா வாங்க!”

பேருந்து நிலையத்தில் நின்றார்கள். ஐந்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. மலையில் ஏதோ வண்டி பழுதாகிப் பேருந்து தாமதம் என்றார்கள். ஒருவழியாக வந்து நின்றது. இறங்கினவர்கள் எல்லாம் கேரளத்துச் சுற்றுலாக்காரர்கள், அரைக்கால் சட்டையும் வெறுந்தலையுமாக. அடைக்கலராஜ் மனதுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட்டார். கடைசியாகப் பின்படியில் ஒரு மங்கி குல்லா இறங்கியது. அதே மெரூன் நிறம். உள்ளே கண், மூக்கு, மீசை.

சாகுல் ஹமீது!

மலையிறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும் என்பதால் எங்கே போனாலும் குல்லாவைக் கழற்றாதவர் அவர். இன்றும் காது அடைத்துத்தான் இருந்தது.

“பாய்! குல்லாவைக் குடுங்க!”

“என்னது?” என்று கத்தினார் சாகுல் ஹமீது. காது அடைத்தவர் தானும் கத்தித்தானே பேசுவார்.

“குல்லா! குல்லா!” என்று அடைக்கலராஜ் ஒரு கையால் தலையையும் மறுகையால் போனையும் காட்டினார். இருபது வருடப் போன் கடைக்காரருக்கு, பதறிய முகத்துடன் ஒருவர் போனை நீட்டினால் ஒரே அர்த்தம்தான். “ரிப்பேரா? குடுங்க” என்று வெடுக்கென்று வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

டிக்.

போன் திறந்துகொண்டது. சொந்த முதலாளியைத் துரத்தியடித்த போன், எவர் கைக்குப் போகக் கூடாது என்று இத்தனை வருடம் அடைக்கலராஜ் அடைகாத்தாரோ அவருக்கு, அண்ணன் வீட்டுக் கதவு மாதிரித் திறந்துகொண்டது. அதைப் பார்த்து வியந்து நிற்க நேரமில்லை. அமலி மறுபடி ஓடிபி கேட்டு அழுத்தினாள். அடுத்த நொடி போன் சிணுங்கியது.

“ஏதோ மெசேஜ் வந்திருக்கு மேனேஜர்!” என்று சாகுல் ஹமீது பேருந்து நிலையம் முழுவதும் கேட்க வாசித்தார். “ஏழு! மூணு! ஒண்ணு! ஒம்பது! நாலு! ரெண்டு! இதை எவரிடமும் பகிர வேண்டாம்!”

அடைக்கலராஜின் கை தன்னையறியாமல் எழுந்து பாயின் வாயைப் பொத்தப் போனது. ஜெசிந்தா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அதே சமயம் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது.

“கேக்கலைப்பா! ஏழு மூணு, அப்புறம்?” என்று அலறினாள் அமலி. நிலையத்துக் கடிகாரம் ஐந்தைத் தொடப் போனது.

அடைக்கலராஜ் ஒரு கணம்தான் நின்றார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பழனி மலை எதிரொலிக்கக் கத்தினார்: “ஏழு மூணு ஒண்ணு ஒம்பது நாலு ரெண்டு!”

“ஒண்ணுக்கப்புறம் ஒம்பதாம் பாப்பா!” என்று கூடையோடு நின்ற ஆயக்குடிக் கொய்யாக்காரி ராக்காயியும் சேர்ந்துகொண்டாள். அமலி தட்டினாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகம் மலர்ந்தது. ராக்காயி கூடையிலிருந்து பெரிய கொய்யாவாக எடுத்து அவள் கையில் வைத்தாள். அடைக்கலராஜ் வெட்கமில்லாமல் அழுதார்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் சாகுல் ஹமீதின் காதருகே போய், குல்லாவை விலக்கிச் சொன்னார்: “பாய், அந்த நம்பரை மறந்துருங்க.”

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இனம் அப்படி. இப்போது லாட்ஜில் அவர் உபதேசம், “மொகத்தை மட்டும் நம்பாதீங்க” என்று தொடங்குகிறது. கடவு எண்ணைப் போனுக்குள் வைப்பதில்லை. முதல் பாதியை மனைவியிடமும் மறுபாதியை மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறார், ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையுடன். மகள் மதுரையில் இருக்கிறாள். போன் பூட்டிக்கொண்டால் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எந்தப் போனிலிருந்து கூப்பிடுவது என்பதை அவர் இன்னும் யோசிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். நல்லது. உங்கள் போனின் கடவு எண் நினைவிருக்கிறதல்லவா? எதற்கும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்களேன்.

சொல்லியாயிற்றா? உதடு அசைந்ததே! யாராவது பார்த்தார்களோ என்று இப்போது பக்கத்தில் திரும்பினீர்கள், இல்லையா? வாருங்கள், வாருங்கள். லாட்ஜ் வரவேற்பு மேசையில், உங்கள் அளவுக்கு ஒரு குல்லா தயாராக இருக்கிறது.