பிஷப் நாற்காலிக்கு வைத்த பொட்டு

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆயுத பூஜையன்று கையில் சந்தனக் கிண்ணம் இருந்தால், எதிரில் நிற்பது எதுவானாலும் பொட்டு வைத்துவிடுவேன். (எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி வருஷம் முழுக்கக் குங்குமக் கறையோடுதான் இருக்கும்.)

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த முதல் வருஷம். கிழக்கேகோட்டைப் பக்கம் என் வீட்டுக்காரருக்கு மரப் பட்டறை. பழைய சர்ச் ஒன்றில் பிஷப் உட்காரும் தேக்கு நாற்காலியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார்கள். முதுகுப்பலகை முழுக்கத் திராட்சைக் கொடி. கைப்பிடி நுனிகளில் தேவதூதர் முகங்கள். பிஷப்புக்குப் பிடித்துவிட்டால் சர்ச்சின் பெஞ்சு வேலை மொத்தமும் உங்களுக்குத்தான் என்று அச்சன் (அங்கே பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொல்லியிருந்தார். கையில் வேறு வேலையே இல்லாத எங்களுக்கு அது பெரிய வாக்கு.

நாற்காலி கிளம்ப வேண்டிய நாள் ஆயுத பூஜையாக அமைந்தது. வீட்டுக்காரர் வண்டி பிடிக்கப் போன நேரத்தில் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நாற்காலியை மட்டும் விட மனசு கேட்கவில்லை. தேவதூதர்களுக்குச் சின்னதாக ஆளுக்கொன்று. முதுகுப்பலகை நடுவில் உள்ளங்கையகலத்துக்கு ஒன்று. மழை வருகிறதே என்று, ஈரம் காய்வதற்குள் பிளாஸ்டிக் ஷீட்டால் நானே இறுக்கிக் கட்டினேன். (என்ன பொறுப்பு!)

நாற்காலியோடு நாங்கள் இருவரும் சர்ச்சுக்குப் போனோம். பிஷப்புக்கு மூட்டுவலி. சர்ச்சுக்குள் வந்ததும் உட்காரத் திரும்பினார். அச்சன் அவசரமாக ஷீட்டை உருவினார். வெள்ளை அங்கியோடு நன்றாகச் சாய்ந்துகொண்ட பிஷப், "சுகமாயிட்டு இருக்கு" என்றார்.

கைப்பிடியில் பொட்டோடு சிரிக்கும் தேவதூதர்களை என் வீட்டுக்காரர் அப்போதுதான் பார்த்தார்.

"ஏட்டி, வேற எங்கயாச்சும் வெச்சியா?"

"முதுகுல."

"பெருசாவா?"

உள்ளங்கையைக் காட்டினேன்.

"பெஞ்சு போச்சு" என்றார். பிஷப் எழுந்திருக்கவே கூடாது என்று அங்கிருந்த அத்தனை புனிதர்களையும் வேண்டிக்கொண்டேன். அவர் எழுந்து பீடத்தை நோக்கித் திரும்பினார். வெள்ளை முதுகில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு.

"பிதாவே, முதுகுல எந்தோ..." என்றார் அச்சன்.

பிஷப் பின்னால் தடவி விரலைப் பார்த்தார். பிறகு தேவதூதர்களைப் பார்த்தார். "இது ஆரு வெச்சது?"

"நான்தான் சாமி. பூஜை அன்னிக்கு வெக்காம எதையும் வெளிய அனுப்ப மாட்டோம்..."

"இவங்களுக்கெல்லாம் நெத்தியில வெச்சிருக்கு. எனக்கு மட்டும் முதுகுல. நெத்தி எட்டலியா மோளே?"

சர்ச்சே சிரித்தது. அச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெஞ்சும் இவங்களே செய்யட்டும்" என்ற பிஷப், "ஆனா, பூஜை கழிஞ்சிட்டு கொண்டு வந்தா போதும்" என்றார்.

இன்றைக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எனக்கு முதுகைக் காட்டுவார்.

"பாத்துச் சொல்லு, நான் பிஷப் ஆயிட்டேனா?"