ஷுரூக்குக்கு ஒரு மணி நேரம்

உயிருள்ளவரை கெய்ரோவின் ஷுப்ரா வட்டாரத்தை விட்டு வெளியே குடிபோவதில்லை என்று ஷௌக்கத் உறுதியாக முடிவு செய்திருந்தார். அதை மனைவி நாஹித்திடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீர்வாரிய அலுவலகம் அடுத்த தெருவில் இருந்தது. பிற்பகலில் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால், வந்த வேகத்திலேயே காப்பிக்கடைக்குள் போய் விழலாம். சுவரோரம் அவருக்கென்று ஒரு நாற்காலி. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் கடைக்காரரே எழுப்பிவிடுவார். எதிரே நண்பர் ரிஃபாத், நடுவே தாவ்லா ஆட்டப் பலகை, கையில் பகடை. ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அந்தப் பகடை ஓயாது. நாள் முழுதும் பிறர் வீட்டுத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைத் தீர்த்துவைக்கும் மனுஷனுக்கு இதைவிட வேறென்ன சொர்க்கம் வேண்டும்?

அந்தச் சொர்க்கத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் மாமியார், ஹஜ் போய்வந்த ஹாஜா தவ்ஹீதா குடியிருந்தார். பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவார். அதில் ரொட்டி ஏறும், வெங்காயம் ஏறும், தெருவில் நடப்பதெல்லாம் செய்தியாக ஏறும். ஆனால் அம்மாவுக்கு வேண்டிய வேலைகளை எல்லாம் மகள் நாஹித்தே பார்த்துக்கொண்டதால், கூடை இதுவரை மருமகன் பக்கம் திரும்பியதில்லை.

நாஹித்துக்கும் காரணம் இருந்தது. அவர்கள் வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. கேஸ் சிலிண்டர் மேலே வருவதற்குள் தூக்கி வருபவன் மூன்று தடவை உட்கார்ந்து அவர்கள் பரம்பரையைத் திட்டிவிட்டு வருவான். இரண்டு பெண் பிள்ளைகளும், பெரியவள் யுஸ்ராவும் சின்னவளும், கூடத்தில் குளிர்சாதனப் பெட்டியை ஒட்டிப் படுத்தார்கள். தெருப் புழுதியில் சின்னவளுக்கு இருமல் நிற்கவே இல்லை. அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் நாஹித் எழுந்து அவள் முதுகைத் தடவிவிடுவாள். ஷௌக்கத்துக்கும் கவலைதான். ஆனால் அவர் உடனே எழுந்து காப்பிக்கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நாஹித் ஆரம்பித்தாள்.

"எல்லாரும் வெளியே போறாங்க. நாமளும் எங்கயாவது பார்க்கலாமே. அக்டோபர் நகரம் எப்படி?"

"அது மேற்கே இருக்கு, நாஹித். காலைல வேலைக்கு வரும்போது சூரியன் மூஞ்சிக்கு நேரே. சாயங்காலம் திரும்பும்போதும் மூஞ்சிக்கு நேரே. ஒரே வருஷத்துல எனக்குக் கண்ணு போயிடும்."

"உபூர்?"

"காய்கறிச் சந்தை. ராத்திரி பூரா லாரி. தூங்கவே முடியாது."

"புது கெய்ரோ?"

"அங்க நாய்க்குக்கூட டிரைவர் வச்சிருக்காங்க. நம்மளைப் பார்த்தா வாட்ச்மேன் பின்வாசலைக் காட்டுவான்."

"பத்ர்?"

"அதையும் தாண்டிட்டா சூயஸ் வந்துடும். அப்புறம் நான் கப்பல்லதான் ஆபீஸ் போகணும்."

நாஹித் ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். "நீங்க சொல்றது சரிதான். கண்ணுதான் முக்கியம். அப்போ உங்களுக்குக் கிழக்குதான் தோது. காலைல வரும்போதும் சூரியன் முதுகுக்குப் பின்னாடி, சாயங்காலம் போகும்போதும் முதுகுக்குப் பின்னாடி. ஷுரூக் கிழக்கேதானே இருக்கு? நான் ஒரு வீடுகூடப் பார்த்துட்டேன். லிஃப்ட் இருக்கு, வாசல்ல மரம் இருக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது ஷௌக்கத்துக்குப் புதிதல்ல, ஆனால் இவ்வளவு சீக்கிரம் மாட்டியது இதுதான் முதல் தடவை.

"தூரம்! தூரத்தைப் பத்தி யோசிச்சியா? ரெண்டு மணி நேரம் ஆகும்!"

"தரகர் ஒரு மணி நேரம்னாரே?"

"தரகர் பேச்சை நம்பினா பிரமிடையே வாங்கிடலாம்!"

அன்று காப்பிக்கடையில் அவர் பகடையைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் ரிஃபாத்துக்கும் முகம் வாடிவிட்டது. ஷௌக்கத்தைப் போல மோசமாக ஆடி, தோற்றதும் தேநீருக்குக் காசு கொடுக்கும் ஆள் ஷுப்ராவில் வேறு யார் இருக்கிறார்கள்?

"கூட்டிட்டுப் போய்க் காட்டிடு," என்றார் ரிஃபாத். "என் வண்டியிலேயே போவோம். நெரிசல்ல மாட்டினா தானா அடங்கிடுவாங்க."

ஷௌக்கத்தின் மூளையில் விளக்கெரிந்தது. ரமலான் பிறக்கப் போகிறது. ரமலானில் மாலை நாலு மணி என்பது கெய்ரோவின் மொத்த ஜனமும் ஒரே நேரத்தில் சோற்றுக்காக வீட்டுக்கு ஓடும் நேரம். பட்டினி வயிறு, புகை பிடிக்காத தலை, கையில் ஹாரன். வண்டியை ஓட்டுவதைவிடக் கழுதையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். அதிலும் வியாழக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"நாஹித், நான் நியாயஸ்தன். ஒரு தடவை போய்ப் பார்த்துடுவோம். ரமலான்ல முதல் வியாழக்கிழமை, சாயங்காலம், ரிஃபாத் வண்டியில. ஒரு மணி நேரத்துக்குள்ள ஷுரூக் போயிட்டா வீட்டை எடுத்துக்கறோம். தாண்டிட்டா, இந்தப் பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது. ஆம்பளை சொன்ன சொல்லு!"

நாஹித் அவரை நிதானமாகப் பார்த்தாள். "எதுலேருந்து கணக்கு?"

"சக்கரம் உருண்டதுலேருந்து. ரிஃபாத்தான் சாட்சி."

"நீங்க சொன்னா சரி. அப்போ சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கறேன். நோன்பை அந்தப் புது வீட்டு வாசல்லயே திறப்போம். பிள்ளைங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்துவிட்டாளே, பாவம் என்று ஷௌக்கத்துக்கு அவள்மேல் இரக்கமே வந்தது.

வியாழக்கிழமை வந்தது. நாலு மணிக்கு ரிஃபாத்தின் பழைய ஃபியட் வாசலில் நின்றது. தெருமுனையில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அதைக் கேட்கக் கேட்க ஷௌக்கத்துக்கு மனசு குளிர்ந்தது.

"யுஸ்ரா அப்பா!" ஐந்தாம் மாடியிலிருந்து நாஹித் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "குனாஃபா வாங்க மறந்துட்டேன்! இனிப்பு இல்லாம எப்படி நோன்பு திறக்கிறது? ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுங்க!"

ரமலானில் குனாஃபாக் கடை வரிசை என்பது ஒரு தெருவில் ஆரம்பித்து இன்னொரு தெருவில் முடியும். வேறொரு நாளாக இருந்தால் ஷௌக்கத் சண்டை பிடித்திருப்பார். இன்று சந்தோஷமாக ஓடினார். தாமதமாக ஆக நெரிசல் கூடத்தானே செய்யும்? போ, போ, இன்னும் இறுகட்டும் என்று வரிசையில் நின்றபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பின்னால் நின்றவர், பட்டினியில் இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவரை முன்னால் போகவிட்டார். ஷௌக்கத் பெருந்தன்மையோடு மறுத்துவிட்டார்.

திரும்பி வந்தால் வாத்து இன்னும் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. இறங்கியதும் மூடி பொருந்தவில்லை. மூடி பொருந்தியதும் சின்னவள் செருப்பைக் காணோம். எல்லோரும் கீழே வந்து வண்டியில் ஏறியதும், "ஐயோ, தண்ணி பாட்டில்!" என்றாள் நாஹித். பெரியவள் யுஸ்ரா மறுபடி ஐந்து மாடி ஏறினாள். அவள் இறங்கி வரும்போது ஷௌக்கத்துக்கு முதன்முதலாக ஏதோ உறுத்தியது. தெருமுனை ஹாரன் சத்தம் எங்கே போயிற்று?

யுஸ்ரா கதவைச் சாத்தினாள். "எல்லாம் வந்தாச்சு. கிளம்பலாம், ரிஃபாத் அண்ணா," என்றாள் நாஹித். சக்கரம் உருண்டது.

அதே நொடியில் நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியது. எல்லாப் பள்ளிவாசல்களிலும் பாங்கு எழுந்தது. நாஹித் ஆளுக்கொரு பேரீச்சம்பழமும் ஒரு வாய் தண்ணீரும் கொடுத்தாள்.

வண்டி பெரிய சாலைக்குத் திரும்பியது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. கெய்ரோ மொத்தமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட ஓரமாகக் குந்தி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா போ, ரிஃபாத்," என்று ஷௌக்கத் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ரிஃபாத் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின் இருக்கையில் நாஹித் பாத்திரத்தின் மூடியைக் கொஞ்சம் போலத் திறந்துவைத்திருந்தாள். சோறும் ஈரலும் அடைத்து நெய்யில் வறுத்த வாத்து.

"மெதுவாங்கறேன்!"

"வாசனை வருதுடா!" என்றார் ரிஃபாத். அவர் குரல் உடைந்திருந்தது. "காலைலேருந்து ஒரு சிகரெட் இல்ல, ஒரு வாய் காப்பி இல்ல. ஒரு பேரீச்சம்பழத்தை வச்சு நான் என்ன பண்றது?"

"அங்க போனதும் முதல் துண்டு உங்களுக்குத்தான், அண்ணா," என்றாள் நாஹித். "தொடைப் பக்கம்."

ஃபியட் பறந்தது. அந்த வண்டிக்கு அப்படி ஒரு வேகம் உண்டென்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

சந்திப்பில் சில இளைஞர்கள் வழிப்போக்கர்களுக்கு நோன்பு திறக்க இனிப்புப் புளிச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷௌக்கத் கையை நீட்டி வண்டியை நிறுத்த வைத்தார். ஒரு தம்ளர் குடித்தார். நன்றி சொன்னார். இன்னொரு தம்ளர் கேட்டார். கொடுத்தவன் குடும்பத்தை நலம் விசாரித்தார். மூன்றாவது தம்ளரைக் கையில் வாங்கும்போதே ரிஃபாத் வண்டியைக் கிளப்பிவிட்டார். புளிச்சாறு முழுதும் சட்டையில் இறங்கியது.

ஷுரூக்கில் மரத்தடியில் வண்டி நின்றபோது ஒரு மணி நேரம் ஆவதற்கு இன்னும் வேண்டிய மட்டும் நேரம் மிச்சமிருந்தது.

"சாட்சி சொல்லுங்க, அண்ணா," என்றாள் நாஹித்.

"ஒரு மணி ஆகல," என்றார் சாட்சி, தொடைக் கறியைக் கடித்தபடி. நண்பரின் முகத்தைப் பார்க்காமல் இருக்கும் அளவுக்கு அவருக்கு மனசாட்சி இருந்தது.

"இது அநியாயம்!" ஷௌக்கத் குதித்தார். "எல்லாரும் நோன்பு திறக்கற நேரம்! ரோடு காலி! தினமும் இப்படியா இருக்கும்?"

"நீங்கதானே ரமலான் சாயங்காலம்னு சொன்னீங்க?"

"நான் நினைச்சது நாலு மணி!"

"ஏன், நாலு மணிக்கு ரோடு எப்படி இருக்கும்?"

"எப்படி இருக்குமா? ஆமை முந்திட்டுப் போகும்! அந்த நேரத்துல எவனாவது..."

அவர் வாய் அப்படியே நின்றது. நாஹித் ஒரு தட்டில் வாத்தும் சோறும் வைத்து, ஈரலை மட்டும் பொறுக்கி மேலே வைத்து, அவர் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டும் மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. சின்னவள் மூச்சுவாங்க ஓடிவந்து அப்பா மடியில் விழுந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு தடவைகூட இருமவில்லை என்பதை ஷௌக்கத் அப்போதுதான் கவனித்தார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெருநாள் முடிந்து குடிபோனார்கள். முதல் நாள் அலுவலகம் முடிந்து வீடு வந்து சேர ஷௌக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மைக்ரோபஸ்ஸில் ஒருவர் முழங்கைக்கும் இன்னொருவர் தர்பூசணிக்கும் நடுவே நசுங்கி வந்தார். ஆனால் அந்த நசுங்கலில்தான் அவருக்கு மறுபடியும் மூளையில் விளக்கெரிந்தது.

வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன்னை ஒண்ணும் சொல்லல, நாஹித். சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா ஒன்பது மணி வரைக்கும் ரோடு நெரிசல். அதுக்கப்புறம்தான் விடுது. வேற வழியில்ல, வேலை முடிஞ்சதும் ஷுப்ராவிலேயே எங்கயாவது உட்கார்ந்து காத்திருந்துட்டுத்தான் வரணும்."

நாஹித்தின் கண்களில் அப்படி ஓர் அனுதாபம்! "பாவம், உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம். அந்த நெரிசல்ல நீங்க மாட்டவே வேணாம். ஒன்பது மணி வரைக்கும் அங்கயே இருந்துட்டு வாங்க."

ஷௌக்கத் அன்று ராஜா போலத் தூங்கினார். வீட்டுக்கு மரமும் ஆயிற்று, லிஃப்டும் ஆயிற்று, தனக்கு நாற்காலியும் ஆயிற்று. ஏமாந்தது யார், கெட்டிக்காரன் யார் என்று இனி உலகம் பேசிக்கொள்ளட்டும்!

மறுநாள் அலுவலகம் விட்டதும் நேரே காப்பிக்கடை. நாற்காலி காத்திருந்தது. ரிஃபாத் பலகையை விரித்திருந்தார். புதினாத் தேநீர் ஆவி பறந்தது. ஷௌக்கத் பகடையைக் கைக்குள் போட்டுக் குலுக்கினார்.

வானத்திலிருந்து ஒரு கூடை மெல்ல இறங்கி, பலகையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது.

கூடைக்குள் ஒரு சமையல் மேலங்கியும், சுரைப்பிஞ்சு குடையும் கத்தியும் இருந்தன.

"மாப்பிள்ளை!" இரண்டாம் மாடியிலிருந்து ஹாஜா தவ்ஹீதாவின் குரல் தெரு முழுதும் கேட்டது. "நாஹித் எல்லாம் சொன்னா! ஒன்பது மணி வரைக்கும் போக்கிடமில்லாம தெருவுல உட்கார்ந்திருக்கீங்களாமே! நான் எதுக்கு இருக்கேன்? அவளும் ஊரைவிட்டுப் போனதுல எனக்கும் கையொடிஞ்ச மாதிரி இருக்கு. ஒரு மூட்டை சுரைப்பிஞ்சு வந்திருக்கு, சோறு அடைக்கக் குடையணும். மேல வாங்க!"

"ஹாஜா..." ஷௌக்கத் எழுந்து நின்று பார்த்தார். "ஒரே ஒரு ஆட்டம்..."

"அந்தப் பகடையை அப்படியே கூடையில போட்டுடுங்க, இல்லேன்னா ஞாபகம் அதுலயே இருக்கும்."

காப்பிக்கடையே அவரைப் பார்த்தது. ரிஃபாத் தேநீர்த் தம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஷௌக்கத் மேலங்கியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, பகடை இரண்டையும் கூடையில் போட்டார். கூடை மேலே போயிற்று. பின்னாலேயே அவரும் படியேறினார்.

"அவசரமே இல்ல, மாப்பிள்ளை, நிதானமா ஏறி வாங்க," என்றார் ஹாஜா தவ்ஹீதா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. "ரோடுதான் ஒன்பது மணி வரைக்கும் நெரிசலாச்சே!"