தோடம்பழ நிற ரிவோல்வர்

நான் உண்மையான துப்பாக்கி ஒன்றை இதுவரை தொட்டது கிடையாது. போர்க்காலத்து மன்னாரில் வளர்ந்த ஒருவன் இப்படிச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். (தூரத்தில் பார்த்தது வேறு கதை. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல ஏலாது.) ஆனால் பொக்கற்றுக்குள் வைக்கும் சின்ன ரிவோல்வருக்கு மரக் கைப்பிடி நல்லதா, ரப்பர் கைப்பிடி நல்லதா, தோல் உறை போடுவதா, துணி உறை போடுவதா என்று யாராவது கேட்டால், தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் பேசுவேன். லண்டனில் இதை யாரும் கேட்பதில்லை. இங்கே அப்படி ஒன்றை வைத்திருந்தாலே உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆக, ஒருவருக்கும் உதவாத இந்த அறிவை நான் ஒரேயொரு முறைதான் பயன்படுத்தினேன். அன்றைக்கே என் மானம் கப்பலேறியது.

எல்லாவற்றுக்கும் காரணம் தனிமைதான். அப்போது நான் பார்க்கிங்கில் (வாகனம் விடும் இடமல்ல, கிழக்கு லண்டனில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது) ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அதே வீட்டில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் தெரியாது, குளியலறையில் தொங்கும் துவாய்களைத்தான் தெரியும். மஞ்சள் துவாய் காலையில் இருமும். நீலத் துவாய் வெங்காயம் தீய்க்கும். என் வேலையும் இதற்கேற்றதுதான். வீட்டில் இடமில்லாதவர்கள் சாமான்களை வாடகைக்குப் பூட்டி வைக்கும் ஒரு கிடங்கு. வருகிறவர்கள் தங்கள் பூட்டைத் தாங்களே திறப்பார்கள், பெட்டியை வைப்பார்கள், போவார்கள். நான் மேசையில் இருந்து தலையாட்டுவேன். சில நாட்களில் வீட்டுக்கு வந்த பிறகு, குரல் இருக்கிறதா என்று இருமிப் பார்ப்பேன்.

அந்தக் கிடங்கின் சாவிக்கொத்து என் காற்சட்டைப் பொக்கற்றைக் கிழித்துக்கொண்டே இருந்தது. அதற்கு வழி தேடி போனில் வீடியோ பார்க்கப் போனபோதுதான் அந்தத் தாத்தா அகப்பட்டார். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட சட்டை, அமெரிக்காக்காரர். பொக்கற்றில் ரிவோல்வர் வைப்பவர் அதே பொக்கற்றில் சாவி வைக்கவே கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு ரிவோல்வர் எதற்கு? ஆனால் அவர் தொடங்கும்போது, கமராவுக்குள் குனிந்து, எப்படி இருக்கிறீர்கள் நண்பரே, என்று கேட்டார். அந்தக் குளிர்காலத்தில் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான். ஒரு கிழமைக்குள் நானும் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "பரவாயில்லை ஐயா, கொஞ்சம் தடிமனும் தும்மலும்" என்று வாய்விட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அவரிடம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரக் கைப்பிடி வழுவழுப்பாக இருப்பதால் துணியில் சிக்காமல் சுகமாக வெளியே வரும், ஆனால் சுடும்போது கையை உலுக்கும். ரப்பர் கைப்பிடி கைக்கு இதம், ஆனால் பொக்கற் துணியைப் பிடித்தால் விடாது. கைப்பிடி பெரிதென்றால் பொக்கற் புடைத்து ஊருக்கே காட்டிக்கொடுக்கும், சிறிதென்றால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. உறை வெளியே சொரசொரப்பாகவும் உள்ளே வழுக்கலாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் உறை பொக்கற்றிலேயே நிற்க, ரிவோல்வர் மட்டும் கையோடு வரும். இதை அவர் எத்தனையோ வீடியோக்களில் சொன்னார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போவேன். பூசை முடிந்ததும் எல்லோரும் ஹோலில் தேத்தண்ணியோடு கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அநேகமானோர் யாழ்ப்பாணம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அறிவிப்புப் பலகையை வாசிப்பேன். அந்தப் பலகையை என்னளவு வாசித்தவர் அந்தப் பங்கில் கிடையாது. அப்படி ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தம்பி, உம்மட உயரம் என்ன?"

அந்த இடத்தில் ஒருவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பேசியவர் மரியதாஸ் அண்ணை. பஸ் ஓட்டுபவர், வருஷாவருஷம் நத்தார் (கிறிஸ்மஸ்) காலத்து ஒளிவிழாவுக்கு நாடகம் போடுபவர். அந்த வருஷ நாடகத்தில் இன்ஸ்பெக்டராக நடிக்க வேண்டியவர் முழங்காலை முறித்துக்கொண்டாராம். அவருக்குத் தைத்த நீளக் கோட்டுக்கு ஆள் தேவை. நான் உயரத்தைச் சொன்னேன். "காணும், கோட்டுக்கு அளவு சரி" என்றார். பெயரைக் கேட்கவில்லை. அதன் பிறகு எல்லோரும் என்னை இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிட்டார்கள். அதுகூட எனக்குப் பெரிய சந்தோஷம். துவாயைவிட மேல்தானே.

கதை இதுதான்: ஊர்ச் சனத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஏமாற்றும் ஒரு ஏஜென்சிக்காரன். கடைசிக் காட்சியில் நான் "உன் ஆட்டம் முடிந்தது!" என்று சொல்லி அவனைச் சுடவேண்டும். ஏஜென்சிக்காரனாக நடித்தவர் பீற்றர் அண்ணை. அவரைவிட மென்மையான வில்லனை நான் கண்டதில்லை, கதவில் இடித்தால் கதவிடம் மன்னிப்புக் கேட்பவர். ஒளிவிழாவில் துப்பாக்கியா என்று பாதர் முகம் சுளித்தார். "பைபிளிலயும் கொலை கிடக்குத்தானே பாதர்" என்று மரியதாஸ் அண்ணை வாதாடினார். கடைசியில் பாதர் ஒரு நிபந்தனை போட்டார். துப்பாக்கி பார்த்தவுடன் விளையாட்டுச் சாமான் என்று தெரிய வேண்டும், ஹோலை விட்டு வெளியே போகவும் கூடாது. அப்படித்தான் உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் ரிவோல்வர் ஒன்று வந்து, தேத்தண்ணிக் கோப்பைகளோடு அலுமாரியில் பூட்டப்பட்டது. நிறம், நல்ல பழுத்த தோடம்பழ நிறம், அதாவது ஆரஞ்சு.

ஒத்திகையில் மரியதாஸ் அண்ணை அதை என் இடுப்புப் பட்டியில் செருகச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. "சிவில் உடுப்பில வாற இன்ஸ்பெக்டர் இடுப்பில கட்டமாட்டார் அண்ணை" என்று தொடங்கினேன். அவ்வளவுதான், மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் மடை திறந்தது. மரமா ரப்பரா, பெரிதா சிறிதா, வெளியே சொரசொரப்பு உள்ளே வழுக்கல்... சுற்றி நின்றவர்கள் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டார்கள். இத்தனை பேர் என்னைக் கவனித்தது அதுவே முதல் தடவை. நான் கைகளை வேறு ஆட்டிக் காட்டினேன்.

பீற்றர் அண்ணை மெதுவாகக் கேட்டார். "தம்பி... நீர் ஊரில என்ன செய்தனீர்?"

"வங்கியில கிளார்க் அண்ணை."

"ஓம் ஓம்" என்றார், ஒரு எட்டுப் பின்னால் போய். (எங்கள் ஆட்கள் 'ஓம் ஓம்' என்று இரண்டு தரம் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.) அடுத்த ஞாயிறு பாதர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மகன், மனசில பாரம் ஏதாவது கிடந்தால் எப்பவும் என்னட்ட வரலாம்" என்றார். இல்லை பாதர், நான் வீடியோ பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏன் பார்த்தாய் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்லவேண்டுமே. ஆகவே தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

இனி இந்த அறிவை நிரூபித்தே ஆகவேண்டும். நாடகம் நன்றாகப் போனால் இவர்களில் ஒருவனாகிவிடலாம், இல்லையென்றால் திரும்பவும் அறிவிப்புப் பலகைதான். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. முதலில் உறை. பழைய சாமான் கடையில் பெண்களின் கைப்பை ஒன்று வாங்கினேன். உள்ளே பட்டுத்துணி, வெளியே சொரசொரப்பான தோல். வெட்டித் தைத்தேன். இழுத்து மூடும் சிப் மட்டும் கழற்ற முடியாமல் ஓரத்தில் நின்றது. ரிவோல்வர் அலுமாரிக்குள் இருந்ததால் வீட்டில் பயிற்சி எடுக்க ஒன்று தேவைப்பட்டது. தமிழ்க் கடையில் இஞ்சிக் குவியலைக் கிளறி, ரிவோல்வர் போல வளைந்த இஞ்சி ஒன்றைத் தேடினேன்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, எந்த இஞ்சியை எடுத்தாலும் உறைப்பு ஒண்டுதான்."

கண்ணாடி முன் நின்று, கோட்டைப் போட்டுக்கொண்டு, உன் ஆட்டம் முடிந்தது என்று இஞ்சியை உருவினேன். ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு வந்தது. மஞ்சள் துவாய் சுவரில் தட்டினார். அந்த வீட்டில் எனக்கு யாராவது பதில் சொன்னதே அன்றுதான்.

விழா அன்று பின்னேரம் அலுமாரி திறந்தது. பயத்தில் என் கை வியர்த்து, பிளாஸ்ரிக் கைப்பிடி வழுக்கியது. மேடையில் கைதவறிக் கீழே விழுந்தால்? பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் ரப்பர் நாடாவை எடுத்துக் கைப்பிடியில் தடிப்பாகச் சுற்றினேன். ரப்பர் துணியைப் பிடித்தால் விடாது என்று தாத்தா தலையில் அடித்துச் சொன்னது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. பிடி கைக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

கடைசிக் காட்சி. ஹோல் நிறையச் சனம். நான் கோட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, "உன் ஆட்டம் முடிந்தது!" என்று கர்ஜித்து, இழுத்தேன். வரவில்லை. ரப்பர் பட்டுத்துணியைப் பிடிக்க, உறை பொக்கற்றைப் பிடிக்க, பொக்கற் கோட்டைப் பிடிக்க, நான் ஒரு பக்கமாகச் சரிந்தேன். திரைக்குப் பின்னால் இருந்த மரியதாஸ் அண்ணைக்கு மேடை தெரியாது. அவருக்கு வசனம் கேட்டால் போதும், துப்பாக்கிச் சத்தத்துக்கு இரண்டு பலகைகளைச் சேர்த்து ஓங்கி அடித்தார். டமார்!

என் கை இன்னும் பொக்கற்றுக்குள்தான். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து அலறினார்.

"ஐயோ, பெடியன் தன்னையே சுட்டுப்போட்டுது!"

சபை ஒருமுறை மூச்சை இழுத்தது. பிறகு சிரிப்புத் தொடங்கியது. நான் என்ன செய்வது? தொடையில் வெடித்துவிட்டதே, நியாயப்படி நொண்ட வேண்டுமல்லவா? நொண்டினேன். நொண்டிக்கொண்டே இரண்டு கையாலும் இழுத்தேன். பீற்றர் அண்ணை வாயசைக்காமல், "சுடும் தம்பி, சுடும், நான் சாகோணும்" என்று கெஞ்சினார். அவருடைய மரண ஓலம் கேட்காததால் மரியதாஸ் அண்ணை, முதல் சத்தம் காணாதாக்கும் என்று நினைத்து இன்னொரு டமார் போட்டார். நான் மற்றக் காலையும் நொண்டினேன். கடைசியில் ஒரு பெரிய கிழிசல் சத்தத்தோடு எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது, பொக்கற்றின் வெள்ளை உள்துணி, சிப் வைத்த பெண்கள் கைப்பை, அதற்குள் எங்கேயோ ரிவோல்வர். நான் கைப்பையை வில்லனுக்கு நேரே நீட்டினேன். மூன்றாவது டமார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நானே விழுந்து செத்தேன்.

பீற்றர் அண்ணை நல்ல மனிதர், என்னைத் தனியே விடவில்லை. என் பக்கத்தில் முழங்காலில் விழுந்து, "இன்ஸ்பெக்டர் ஐயா! எனக்கு வரவேண்டிய சாவு உங்களுக்கு வந்திட்டுதே! நான் இனித் திருந்திட்டன்!" என்று கண்ணீர் விட்டார். பாதர் எழுந்து நின்று கைதட்டினார். வில்லன் மனந்திரும்பிவிட்டான், துப்பாக்கியும் வெளியே தெரியவில்லை, அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் கண்ணை மூடிக்கொண்டு மேடைப் பலகையில் கிடந்தேன். இருநூறு முந்நூறு பேர் சிரிக்கிற சத்தம் உடம்பில் அதிர்ந்தது. என் கண் ஓரத்தால் தண்ணீர் வழிந்தது. ஒரேயொரு சந்தர்ப்பம் கிடைத்தது, அதையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அழுவதுகூடப் பிணத்துக்குச் சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

திரை மூடியதும் பக்கக் கதவால் ஓடிவிட்டேன். போனில் நாடகக் குழுவின் தகவல்கள் மழையாக வந்தன. பார்க்காமல் போனின் சத்தத்தை நிறுத்தினேன். நத்தார் பூசைக்கும் போகவில்லை. அன்று கடை இல்லை, ரயில் இல்லை, துவாய்கள்கூடத் தங்கள் தங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. தாத்தாவின் வீடியோவைப் போட்டேன். எப்படி இருக்கிறீர்கள் நண்பரே என்றார். வீடியோவை அத்தோடு நிறுத்திவிட்டேன். அந்த நாளைப்போல ஒரு நீளமான நாளை நான் பிறகு காணவில்லை.

மறுநாள் கீழே மணி அடித்தது. வீட்டில் வேறு யாராவது திறப்பார்கள் என்று படுத்திருந்தேன். பிறகுதான் வேறு யாரும் இல்லையென்பது உறைத்தது. திறந்தால் பீற்றர் அண்ணை, அவர் மனைவி, மனைவியின் தங்கை. ஒத்திகை முடிந்து ஒருநாள் பீற்றர் அண்ணை என்னைக் காரில் இறக்கி விட்டதால் வீடு தெரிந்திருந்தது. அவர் கையில் கேக், முகத்தில் கவலை.

"உண்மையாவே செத்துப்போனீரோ எண்டு பாக்க வந்தனாங்கள், அமலன்."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியாது. மேலே கூட்டிப்போனேன். என்னிடம் இருந்தது ஒரு கதிரை. அண்ணையின் மனைவியான அக்காவை அதில் இருத்தினேன், பீற்றர் அண்ணை கட்டிலில் இருந்தார், நானும் தங்கையும் நின்றோம். தேத்தண்ணி ஊற்றக் கோப்பையும் ஒன்றுதான். அக்காவுக்குக் கோப்பை, அண்ணைக்குச் சோற்றுக் கிண்ணம், தங்கைக்குச் சவரத் தண்ணீர் எடுக்கும் போத்தல் (நன்றாகக் கழுவித்தான் கொடுத்தேன்). அவள் அதை வாங்கிய கணம் தொடங்கி என் முகத்தைப் பார்க்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நீங்கள் மற்றக் காலையும் நொண்டினது கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றாள். நானும் சிரித்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிற்க மறுத்தது. அப்போதுதான் வீடியோத் தாத்தாவைப் பற்றி முதல் முறையாக ஒரு மனிதரிடம் சொன்னேன். பீற்றர் அண்ணை சிரிக்கவில்லை. "இதை முதலே சொல்லியிருக்கலாமே ஐசே, ஞாயிறுகளில எங்கட வீட்டுக்கு வந்திருப்பீர்" என்றார்.

அந்தத் தங்கை ஜெனிற்றாதான் இப்போது என் மனைவி. வேலை முடிந்து வந்து வாசலில் நின்று நான் பொக்கற்றுக்குள் சாவியைத் தேடினால் போதும், உள்ளே இருந்து அவள் குரல் கேட்கும், "பிள்ளையள், விலகுங்கோ, அப்பா காலில சுடப்போறார்!" மகளும் மகனும் ஓடிவந்து கதவுக்குப் பின்னால் டமார் டமார் என்று கத்தி, கால்மிதியில் விழுந்து செத்துக் கிடப்பார்கள். கதவைத் திறந்தால் இரண்டு பிணங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். சாவி இப்போதெல்லாம் உடனே கையில் அகப்பட்டுவிடுகிறது. ஆனாலும் அகப்படாதவன்போலக் குளிரில் கொஞ்சநேரம் நிற்பேன், அந்தக் கால்கள் ஓடிவருகிற சத்தம் கேட்கும்வரை.