நாற்பத்தொரு பேர் பெயிலான பள்ளிக்கூடம்

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வியா மக்வேதா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அருளையா அண்ணர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, இத்தாலியின் பலேர்மோ மாகாண அரசாங்க உயர்பாடசாலைகளை ஒப்பிட்டுத் தரப்படுத்தும் தமிழ்ப் பெற்றோர் சபை அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது. தலைவர் அருளையா அண்ணர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர், இப்போது ஒரு மாடிக்கட்டடத்தின் படிகளைக் கழுவுகிறவர். செயலாளர் இராஜதுரை, அதாவது நான். கத்தரீனா என்ற சிஞ்ஞோராவின், அதாவது என் வீட்டு எசமானியம்மாவின், வீட்டில் தரை துடைத்து, அவருடைய நாயை உலாத்தக் கூட்டிப்போகிறேன். இன்னும் மூன்று அங்கத்தவர்கள். ஐந்து பேரில் நான்கு பேர் ஓ.எல். பரீட்சை தாண்டாதவர்கள். ஆகவே கல்வியின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

காரணம் அவசரமானது. எங்கள் ஐந்து பேரின் பிள்ளைகளும் அந்த வருடம் நடுநிலைப் பள்ளியை முடிக்கிறார்கள். எந்த உயர்பாடசாலை என்று மாத முடிவுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். என் மகள் லக்ஷனாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள். அவளுடைய வகுப்பு யன்னலால் பார்த்தால் நாப்போலிக்குப் போகும் கப்பல் தெரியும். துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பல் ஓட்டப் படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

"அப்பா, நான் அங்கைதான் போறன்."

"பொம்பிளைப் பிள்ளை கப்பல் ஓட்டுறதோ? சபை முடிவெடுக்கட்டும்."

"மா பெர்க்கே? படிக்கப் போறது நானெல்லோ?"

ஏன் என்று கேட்பதென்றால் அவள் எப்போதும் இத்தாலியனில்தான் கேட்பாள். நான் எப்போதும் தமிழில்தான் பதில் சொல்லாமல் விடுவேன்.

சபை தகவல் திரட்டப் புறப்பட்டது. ஐந்து பள்ளிக்கூடங்களைத் தெரிந்தெடுத்தோம். தெரிவு முறை மிகவும் எளிது. ஒவ்வொரு அங்கத்தவரும் வேலை செய்யும் இடத்துச் சிஞ்ஞோராவின் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. துறைமுகத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் சிஞ்ஞோராக்களின் பிள்ளைகள் எவரும் படிக்காததால் அது ஆரம்பத்திலேயே தகுதி இழந்தது. பின்னர் தலைவர், "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதினார். அதை இத்தாலியனுக்கு மாற்றியது லக்ஷனா. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

கிரேக்கமும் லத்தீனும் படிப்பிக்கிற கிளாசிக்கோ பள்ளிக்கூடத்தின் கந்தோரில் எமிலியானா என்ற அம்மா இருந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"மாகாணத்தில் முதலாவது பள்ளிக்கூடம் எது என்று கேட்கிறீர்களா? அப்படி ஒரு பட்டியல் எங்களிடம் இல்லையே. உங்கள் பிள்ளைக்கு என்ன விருப்பம்?"

எங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வெளியே வந்ததும் அருளையா அண்ணர் குரலைத் தாழ்த்தினார்.

"பட்டியலை ஒளிக்கினம், துரை. கதையை மாத்தினதைப் பாத்தனீரே? பிள்ளைக்கு என்ன விருப்பமாம்!"

ஆகவே நாங்களே புள்ளி போட்டோம். யூனிஃபோமுக்கு இருபது புள்ளி. இத்தாலியில் எவருக்கும் யூனிஃபோம் இல்லாததால் ஐந்து பள்ளிக்கூடங்களுக்கும் பூச்சியம் விழுந்தது. புத்தகப் பையின் பாரத்துக்கு இருபது. சிஞ்ஞோராக்கள் இல்லாத நேரம் பார்த்து, அவர்களுடைய குளியலறைத் தராசில் பிள்ளைகளின் பைகளை நிறுத்தோம். வாசல் கேற்றின் உயரத்துக்குப் பத்து. மிகுதி ஐம்பதும் அங்கத்தவரின் சொந்த அபிப்பிராயத்துக்கு.

இந்த ஐம்பதில்தான் சிக்கல் வந்தது. ஒவ்வொருவரும் தன் சிஞ்ஞோராவின் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஐம்பதும், மற்ற நான்குக்கும் பூச்சியமும் போட்டார்கள். "எங்கடை சிஞ்ஞோரா டொக்டர். அவவுக்குத் தெரியாதே?" என்றார் அங்கத்தவர் அருளம்பலம், ஏதோ தானே டொக்டர் மாதிரி. நான் மட்டும் என்ன திறமா? எங்கள் சிஞ்ஞோராவின் மகன் படிக்கிற கிளாசிக்கோவுக்கு ஐம்பதைப் போட்டுவிட்டு, கீழே கோடும் இழுத்தேன்.

பையிலும் கேற்றிலும் வந்த வித்தியாசம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, ஐந்தும் சமம். விண்ணப்ப நாளுக்கு இன்னும் ஆறு நாள். தலைவர் ஒரு புது அளவுகோலைக் கண்டுபிடித்தார்.

"எங்கை கனபேர் பெயிலாகினமோ, அங்கைதான் படிப்பு உயரம். சும்மா எல்லாரையும் பாஸ் பண்ணி விடுறது ஒரு பள்ளிக்கூடமே?"

மறுபடியும் கந்தோர் கந்தோராக ஏறினோம். எமிலியானா அம்மா எங்களை எச்சரிக்கும் எண்ணத்தோடுதான் சொன்னார். "முதலாம் வருடம் இங்கே மிகவும் கடினம். போன தடவை நாற்பத்தொரு பேர் பெயில். யோசித்துச் செய்யுங்கள்."

நாற்பத்தொரு பேர்! வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு இல்லை. அருளையா அண்ணரின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் பெருமை, ஏனென்றால் அதில் ஒருவன் எங்கள் கத்தரீனா சிஞ்ஞோராவின் மகன். இரண்டாம் தரமாகப் பெயில். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளையே பெயிலாகிற பள்ளிக்கூடமென்றால் வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

"கிரேக்கம் படிச்சு என்ன செய்யிறது?" என்று என் மனைவி குகனேஸ்வரி கேட்டாள்.

"என்னத்துக்கெண்டு தெரியாத பாடம்தான் உயர்ந்த பாடம், தங்கச்சி," என்றார் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது.

நான் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தேன். அன்று லக்ஷனா சாப்பிடவில்லை.

செப்ரெம்பரில், பள்ளிக்கூடம் தொடங்கிய நாள், கேற்றடியில் நின்று மற்ற நான்கு பிள்ளைகளையும் தேடினேன். ஒருவரையும் காணவில்லை. அருளையா அண்ணருக்கு ரெலிபோன் அடித்து அவருடைய மகனைக் கேட்டேன்.

"கஜானனோ? அவனுக்கு பஸ் ஏறினால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும், துரை. அதுதான் வீட்டுக்குப் பக்கத்திலை டெக்னிக்கல் பள்ளிக்கூடத்திலை விட்டனான்."

அருளம்பலத்தின் மகள் சமையற்கலை படிக்கப் போய்விட்டாள். மற்ற இரண்டு பேரும் கூட்டாளிமார் போன இடத்துக்குப் போனார்களாம். சபையின் அறிக்கையை நம்பிய ஒரே ஆள் அதை எழுதிய செயலாளர்தான்.

இருந்தும் என் வாய் சும்மா இருந்ததா? கோயிலில், கடையில், பஸ்ஸில், "மகள் கிரேக்கம் படிக்கிறா" என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொன்னேன். வீட்டில் அவள் சொற்களைப் பாடமாக்கிப் பாடமாக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிந்தாள். சிரிப்பது குறைந்துபோனது. நான் அதைப் படிப்பின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூனில் பள்ளிக்கூட வாசலில் முடிவுகளை ஒட்டினார்கள். லக்ஷனாவின் பெயருக்கு நேரே, அடுத்த வகுப்புக்குச் சேர்க்கப்படவில்லை என்று இருந்தது. அவள் அழவில்லை. "இப்ப சரியா, அப்பா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அந்தச் சுவரோடு முட்டவேண்டும் போலிருந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை ஐந்து ஆம்பிளைகள் ஒரு மேசையில் இருந்து விழுங்கிவிட்டோம். அதில் பெரிய வாய் என்னுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை அவசரமாகக் கூடியது. அருளையா அண்ணர் எழுந்து நின்று பேசினார்.

"இந்த முறை நாற்பத்தாறு பேர் பெயில். எங்கடை அறிக்கை சரியெண்டு லக்ஷனா நிரூபிச்சிட்டா. சபை தன்ர பாராட்டைத் தெரிவிக்குது."

பாராட்டைக் கூட்டக்குறிப்பில் எழுதவேண்டியவன் செயலாளர். பேனையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாளே துறைமுகத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். செப்ரெம்பரில், தன்னிலும் ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு முதலாம் வருடத்திலிருந்து தொடங்கினாள். இப்போது வீட்டில் காற்றைப் பற்றியும் நட்சத்திரத்தைப் பற்றியும் கதைக்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் திருந்திய மனிதன் என்று பெயரெடுத்திருப்பேன். அடுத்த ஜனவரியில் பெனடிக்ற் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவர். மகளுக்குப் பள்ளிக்கூடம் தெரிந்தெடுக்க வேண்டுமாம்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. தராசு, கேற்று, சிஞ்ஞோராக்கள், நாற்பத்தொரு பேர், என் பிள்ளையின் வருடம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

"அங்கை விடாதேங்கோ, தம்பி. பிள்ளையைக் கேளுங்கோ. அவ எது விரும்புறாவோ, அங்கை விடுங்கோ."

"ஓமண்ணை. விளங்குது. பெரிய உதவியண்ணை," என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மனைவியைக் குகனேஸ்வரி பஸ்ஸில் கண்டிருக்கிறாள். மகளைக் கிளாசிக்கோவில்தான் பதிந்திருக்கிறார்களாம்.

"ஏனாம்?" என்றேன்.

"இராஜதுரையண்ணை அழுதழுது மறிக்கிறாரெண்டால், அது எவ்வளவு நல்ல பள்ளிக்கூடமா இருக்கவேணும் எண்டு பெனடிக்ற் சொன்னவராம். தன்ர பிள்ளை ஏலாமல் விட்ட இடத்திலை இன்னொருத்தற்ரை பிள்ளை படிச்சிடக் கூடாதெண்ட எரிச்சலாம் உங்களுக்கு."

எனக்குப் பெனடிக்றிலே கோபம் வரவில்லை. அவருடைய கதிரையில் நான் இருந்திருந்தால், நானும் அப்படியேதான் நினைத்திருப்பேன்.