படத்தில் விரித்த புடவை

ஆரணி,
புதன்கிழமை.

சிரஞ்சீவி தருமனுக்கு உன் சித்தப்பா கமலக்கண்ணன் எழுதுவது. பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் பேர் வாங்கி, சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் சித்தி பரிமளாவும் சுகம். என் மகள், உன் தங்கை ஸ்வர்ணலதாவும் சுகம். அவளுடைய கல்யாணம்தான் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்கிறது. போனில் சொன்னால் "சித்தப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் பட்டுக்கடையின் உள்ளே எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்னால், மாற்றினால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டு அனுப்பினாய். நல்ல படம்தான். ஆனால் பார்த்ததும் உன் சித்தி, "இன்னாங்க இது, பல் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. எல்லா மூலையிலும் ஒரே வெளிச்சம், எதற்கும் நிழல் இல்லை, பாய் தரையில் படாமல் மிதந்தது. அதன்மேல் நீ விரித்திருந்த புடவை லாரிக்குப் போடுகிற தார்ப்பாய் மாதிரி இருந்தது. நான் அதோடு விட்டிருக்கலாம். வருஷக்கணக்காகப் புடவை விரித்த கை சும்மா இருக்குமா? வெளிச்சம் தெருவாசல் பக்கமிருந்து மட்டும் வரட்டும் என்றேன். காலை வெயில் சாய்வாக வந்து பாதிப் பாயில் நிற்கட்டும், மீதி நிழலில் கிடக்கட்டும் என்றேன். நீளத்தில் ஓடுகிற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒரு நிறம் போட்ட பட்டு மடிப்புக்கு மடிப்பு வேறு நிறம் காட்ட வேண்டும் என்றேன். ஜனங்கள் சாய்கிற சுவரில் தலை எண்ணெய்க் கறைகூட வேண்டும் என்றேன். நீயும் அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தாய். கடைசிப் படத்தைப் பார்த்து உன் சித்தி, "அந்தக் கறையத் தொடைக்கச் சொல்லுங்க, நாலு பேரு வர்ற எடம்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய படத்தை அழித்துவிட்டு, இதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

தேசூரில் சம்பந்தி அம்மா உண்ணாமலை அதைப் பார்த்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் கடை நன்றாயிருக்கிறது என்பார்கள். இவர்கள் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்கள், கடை எங்கே கண்ணில் படும்? போன் செய்தவர்கள், கடையில் வேலை எப்போது முடிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "அண்ணா, பாயில விரிச்சிருக்கீங்களே, அதாங்க முகூர்த்தப் புடவை. எடுத்து வச்சிடுங்க" என்றார்கள். முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு உரிமை. அதில் நான் வாய் திறக்க முடியுமா? இருந்தாலும் திறந்தேன். "அது நிஜப் புடவ இல்லம்மா, கம்ப்யூட்டர் படம்" என்றேன். "கம்ப்யூட்டர் படம்லாம் நானும் பாத்துகினுதான் இருக்கேன், பிளாஸ்டிக் மாரி இருக்கும். இதுல மடிப்புக்குள்ள நெழல் வுழுது. செவுத்துல எண்ணெய்க் கறை இருக்குது. கறைய யாருனா வரைவாங்களா?" என்றார்கள். வரையச் சொன்னவனே நான்தான். பிறகு குரல் மாறிவிட்டது. "வேற யாருக்கோ ஒளிச்சி வச்சிகினு எங்களுக்கு இல்லன்றீங்க. புடவையிலயே இப்டின்னா பொண்ணு விஷயத்துல இன்னா இன்னா ஒளிச்சீங்களோ. யோசிச்சி சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்வர்ணலதா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு மனசே ஆறவில்லை, தருமா.

அந்த நிறத்தையாவது கொண்டுவருவோம் என்று, நமக்குச் சாயம் போடுகிற லோகநாதனிடம் படத்தைக் காட்டினேன். அரக்கும் இல்லை, மாதுளையும் இல்லை. வெயில் பட்ட இடத்தில் ஒன்று, நிழலில் இன்னொன்று. உன்னைக் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் அந்த நிறத்துக்கு உள்ள மூன்று நம்பரை அனுப்பினாய். லோகநாதன் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க போன் பண்ணணும்?" என்றான். அவன் முக்கி எடுத்த நூலெல்லாம் கடைக்குள் ஒரு நிறம், தெருவில் ஒரு நிறம் என்று ஒரே பேஜார். நீ போட்டதில் பாதி சாயம், பாதி வெயில். வெயிலை எந்த அண்டாவில் காய்ச்சுவது?

ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், படத்தைப் பழையபடி கெடுத்துக் கொடு. நிழலையெல்லாம் எடுத்துவிடு. பல் ஆஸ்பத்திரி வெளிச்சத்தையே போடு. புடவை தார்ப்பாய் ஆனாலும் பரவாயில்லை. அதைக் காட்டித்தான் இது படம் என்று சம்பந்தி அம்மாவை நம்ப வைத்து, இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஜல்தியாக அனுப்பு.

கண் கெடாமல் வேலை பார்த்து, வீடு வாசலோடு நீ நூறு வயசு இருக்கக் கைலாசநாதர் அருள் புரியட்டும். சித்தி உன்னை மோர் குடிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கமலக்கண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் உண்ணாமலை அம்மாவே போன் செய்தார்கள். நீ முதலில் அனுப்பிய படம் ஸ்வர்ணலதா செல்லில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் அவளே அதை அனுப்பி, விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள். "தப்பா பேசிட்டேங்கண்ணா, மனசுல வச்சிக்காதீங்க. இல்லாத புடவைக்கு நீங்க எங்க போவீங்க? ஞாயித்துக்கெழம வரேன், இருக்கறதுல ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றார்கள். சரி என்று சொல்லி நான் போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் படம் எதிரே திறந்திருந்தது. அந்த வெயிலில், அந்தப் புடவையில் என் பெண் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. எனக்கும் ஆசைதானே? "இல்லாத புடவைன்னு யாரும்மா சொன்னது? தறியில ஏத்தியாச்சு" என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதே. முந்தானை மட்டும் மடிந்து கிடக்கிறது, அதை நன்றாக விரித்து இன்னொரு படம் அனுப்பு. சொன்ன வாக்கைக் காப்பாற்ற முள்ளிப்பட்டில் தறிக்காரருக்கு உடனே போன் போட்டேன், டிசைன் கேட்கிறார்.