மேற்குப் பார்த்த கோப்பை

வேப்பூர் ஓட்டலை விட்டு நான் நடக்க ஆரம்பித்தபோது முதலாளி இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் லாரிகள் போகிற சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியும் நியாயமாகத்தான் இருந்தது. சாம்பாரை ரசம் என்று நினைத்து வெந்நீர் ஊற்றிப் பெருக்கியவனை வேறு எப்படித் திட்டுவார்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட பிறகு நான் விட்டு வந்த வேலைகளில் அதுவும் ஒன்று. பசி இருந்தது. வருத்தமெல்லாம் இல்லை. அடுத்து என்ன வேலை வரும் என்று பார்க்கிற ஆசைதான் என்னை அப்போது ஊர் ஊராக நடக்க வைத்தது.

விருத்தாசலம் ரோட்டில் செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. மேலே உட்கார்ந்திருந்தவர் குனிந்து கேட்டார்.

"செங்கல் எறக்க வரியா?"

"வரேங்க."

"வேற என்னா வேலை தெரியும்?"

"எல்லா வேலையும் தெரியுங்க."

(இந்தப் பதிலை மட்டும் நான் எந்த ஊரிலும் மாற்றியதில்லை.)

அவர்தான் ஏழுமலை மேஸ்திரி. ஏழைகளுக்குச் சின்னச் சின்ன வீடு கட்டித் தருகிற, மழையில் விழுந்த சுவரையும் கூரையையும் சரிசெய்து தருகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தார். ஜனங்கள் அதைச் 'சங்கம்' என்பார்கள். சங்கம் சாமானும் மேஸ்திரியும் கொடுக்கும்; வீட்டுக்காரர்கள் கூடமாட நின்று வேலை செய்ய வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு என்னைப் போல ஒருவனைப் பிடித்துக்கொள்வார்கள்.

விருத்தாசலம் ஊர் ஓரத்தில் அப்படி ஆள் இல்லாத வீடுதான் மும்தாஜ் அக்காவுடையது. அவர் கணவர் ஜவுளி மூட்டையோடு வெளியூர் போயிருந்தார். ஐப்பசி மழையில் பின்சுவர் விழுந்திருந்தது. சுவரை எழுப்பி, உடைந்த ஓடுகளை மாற்றினோம். கடைசியாகக் கொல்லையில் ஒரு கக்கூஸ். மற்ற வேலைகளைவிட அக்காவுக்கு இதுதான் உயிர். மகள் ரஹமத்துக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் அவளுடைய மாமியார், "கக்கூஸ் இல்லாத வூட்டுக்கு வயித்துப் புள்ளக்காரிய அனுப்ப மாட்டேன். முள்ளுக்காட்டுக்கு அவ எங்க போய்ட்டு வருவா?" என்று சொல்லிவிட்டாராம். வந்து கண்ணால் பார்த்த பிறகுதான் விடுவேன் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

"அந்தம்மா கேக்கறதும் ஞாயந்தான் தம்பி" என்றார் மும்தாஜ் அக்கா. "ஆனா எம் பொண்ணு எங்கிட்டதான் பெத்துக்கணும்."

விருத்தாசலத்தில் பீங்கானுக்குப் பஞ்சமில்லை. சூளையிலிருந்து கோணலாகவோ புள்ளி விழுந்தோ வந்த கக்கூஸ் கோப்பைகளைச் செராமிக் கம்பெனிக்காரர்கள் சங்கத்துக்குச் சும்மா கொடுப்பார்கள். அதில் ஒன்றை ஏழுமலை கொண்டுவந்து, சிமெண்ட் போடாமல், குழியில் சும்மா பொருத்தி வைத்தார். பெண்ணாடத்தில் அவருடைய சொந்த அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்.

"வச்சது வச்சபடி சிமெண்ட் போட்டுப் பூசிடு. யோசிக்காத."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் போயிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

அவர் தலை மறைந்ததும் கோப்பையில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். (வேட்டியோடுதான். சோதனைக்கு.) கதவு பக்கவாட்டில் இருந்தது. யாராவது சட்டென்று திறந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? கதவைப் பார்த்து உட்கார்ந்தால் நிழல் தெரியும், இருமிக் காட்டலாம். நிறைமாதக் கர்ப்பிணி வேறு, பயந்துவிடக் கூடாது. இவ்வளவு பெரிய விஷயம் மேஸ்திரிக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோப்பையைக் கதவுப் பக்கம் திருப்பினேன். குழாய்க்கு ஒரு வளைவு போட்டேன். ஆயுசுக்கும் ஆடக் கூடாது என்று சிமெண்டைத் தாராளமாகக் கலந்து பூசினேன். பூசிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தேன். சிற்பி தோற்றுப்போவான்.

மறுநாள் சாயங்காலம் மாமியார் வந்தார். கையில் குடை, பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ரஹமத். மும்தாஜ் அக்கா சேமியா பாயசத்தை நீட்டினார்.

"இருக்கட்டும் சம்பந்தி. மொதல்ல அதக் காட்டுங்க."

கொல்லைக்குப் போனோம். நானே கதவைத் திறந்துவிட்டேன். சாய்ந்த வெயில் நேராக உள்ளே போய்க் கோப்பை மேல் விழுந்தது. பீங்கான் பளபளவென்று மின்னியது. அந்தம்மா கோப்பையைப் பார்த்தார். திரும்பி வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, சூரியன் எந்தப் பக்கம் எறங்குது?"

"மேற்குங்க!" என்றேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

"நாங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுவோம்?"

"அதுவும் மேற்குதாங்க!"

இரண்டு கேள்விக்கும் சரியான பதில் சொன்ன சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் பதில்கள் இரண்டும் மெதுவாக நடந்து போய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான்.

"தொழுவுற தெசையப் பாத்து இதுல எப்படிப்பா குந்தறது? முதுகையும் காட்டக் கூடாது" என்றார் அந்தம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சைடா உக்காந்துக்கலாங்களே?" என்றேன்.

ரஹமத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது. மும்தாஜ் அக்கா சிரிக்கவில்லை. பாயசத் தம்ளரோடு மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"ரஹமத், பையை எடு" என்றார் மாமியார்.

"மாமி, கால் வலிக்குது" என்று ரஹமத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கி ஒரு ராத்திரி இருந்துட்டுப் போவோமே."

அந்தம்மா கொஞ்சநேரம் குடையால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். "காலைல மொத பஸ்ஸுக்குள்ள இத திருப்பி வச்சா புள்ள இங்க இருப்பா. இல்லன்னா என்னோட வரா."

உளியும் சுத்தியும் எடுத்தேன். ஆயுசுக்கும் ஆடாத சிமெண்ட் ஆடவில்லை. கோப்பைதான் 'டப்' என்று இரண்டாகப் பிளந்தது.

ஓடினேன். செராமிக் கம்பெனி கேட்டைச் சாத்தப் போகிற நேரம். போர்மேன் "இப்ப கழிச்ச கோப்பை எதுவும் இல்லையே" என்றார். நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சூளையடி ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். சொன்னேன். 'சைடா' வரும்போது ஒருவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கிருந்தோ ஓரத்தில் கொப்புளம் விட்ட ஒரு கோப்பை வந்தது.

"எடுத்துக்கினு போ. காலைல வேலைக்கு வந்துடு. எனக்கு ஆள் தேவைப்படுது."

கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். பூக்கடைக்காரர் ஒருவர், "எந்த ஊரு மாப்பிள்ளை ஊர்வலம்?" என்றார். பெண்ணாடத்திலிருந்து திரும்பியிருந்த ஏழுமலை என்னைத் திட்டக்கூட நேரமில்லாமல், கடப்பாரையை எடுத்து அடிச் சிமெண்டைப் பெயர்த்தார். மாமியார் குடை முனையால் வடக்கைக் காட்ட, அரிக்கேன் வெளிச்சத்தில் கோப்பை உட்கார்ந்துவிட்டது.

காலையில் அந்தம்மா குடையால் சிமெண்டைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, முதல் பஸ்ஸில் தனியாக ஏறிப் போனார். மும்தாஜ் அக்கா மகளுக்கு வெந்நீர் வைக்க ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஊரிலேயே தங்கி, கல்யாணமும் செய்துகொண்டேன். புதுக் கட்டில் வாங்கினாலும் பீரோ வாங்கினாலும், "ஏங்க, நீங்க ஒதுங்கி நில்லுங்க, நாங்க போட்டுக்கறோம்" என்பாள் என் மனைவி. ரஹமத்தின் மகன் சொந்தமாக வீடு கட்டியபோது எல்லோரையும் கூப்பிட்டான். என்னை மட்டும் கக்கூஸ் வேலை முடிந்த பிறகு கூப்பிட்டான்.

அன்று காலை பஸ் போனதும் நான் நேராகச் செராமிக் கம்பெனிக்குப் போனேன். சூளையிலிருந்து வெந்த சரக்கை இறக்கி அடுக்குகிற வேலை. போர்மேன் ஒரு கோப்பையை என் கையில் கொடுத்தார். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. எதற்கும் கேட்டுவிடுவது நல்லது என்று, "இத எந்தப் பக்கம் பாத்து அடுக்கணுங்க?" என்றேன்.

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேரை நான் முந்தின நாள் பார்த்ததே இல்லை. ஆனாலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். என் கதை எனக்கு முன்னாலேயே வேலைக்கு வந்திருந்தது.