ஜங்ஷன்காரரின் வெள்ளிக்கிழமை ரயில்

கோயமுத்தூர் ஜில்லாவில் ஜங்ஷன்காரர் சந்தேகப்படாத ஜீவன் என்று ஒன்று இருந்திருந்தால், அது இன்னும் பிறக்காத ஜீவனாகத்தான் இருந்திருக்கும். பால்காரரைச் சந்தேகப்படுவார், அவருடைய மாட்டையும் சந்தேகப்படுவார். காலண்டர் செவ்வாய் என்று காட்டினால், பக்கத்து வீட்டுக் காலண்டரையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செவ்வாயை ஒத்துக்கொள்வார். ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தயாராகி வரும் பம்பையெல்லாம் முறைத்துப் பார்த்து, "இதுல என்னமோ இருக்குது" என்று தள்ளி வைப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதே வேலையை எங்கள் தெருவுக்கு அவர் இலவசமாகச் செய்தார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மதுரையிலிருந்து மாற்றலாகி சிங்காநல்லூரில் குடியேறியவன் நான். சாமான் வண்டி வந்து நின்றதுமே ஜங்ஷன்காரர் எதிரில் வந்து கும்பிட்டார். "ஏனுங்க, வாங்க. எங்கிருந்துங்க வர்றீங்க? எதுக்குங்க வந்தீங்க? எப்பங்க போவீங்க?"

எங்கள் ஊரில் புதிதாக வந்தவனைப் பார்த்து "யாருய்யா நீ?" என்பார்கள். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. "பார்த்தியா, என்ன மரியாதை!" என்று மனைவியிடம் சொன்னேன். எதிர்வீட்டுக் கிரைண்டர் அக்காதான் என் மயக்கத்தைத் தெளியவைத்தார். வீட்டில் கிரைண்டர் வைத்துத் தெருவுக்கே மாவு ஆட்டித் தருபவர்.

"சார், இங்க எல்லாருந்தான் 'ங்க' போடுவோம். ஆனா அவரு ஒரு பேச்சுக்கு நாலு 'ங்க' போட்டாருன்னா, உங்கள நம்புலீன்னு அர்த்தமுங்க."

ஜங்ஷன்காரர் என்ற பெயருக்கும் ரயில்வேக்கும் சம்பந்தம் கிடையாது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒறம்பரை ஒருவர் அவருக்கு ஒரு குட்டி ரயில் கொண்டுவந்து கொடுத்தார். கரண்டில் ஓடும் இன்ஜின், சில பெட்டிகள், கொஞ்சம் தண்டவாளம். உறவுக்காரர்கள் என்றால் ஒரு சென்ட் பாட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? வாங்கிக்கொண்ட இந்த மனுஷன் ஹாலையே தூக்கி ரயிலுக்குக் கொடுத்துவிட்டார். பிளைவுட் பலகை போட்டு மேடை. பழைய பேப்பரும் மைதாப் பசையும் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலை. சாயம் ஏற்றிய மரத்தூள் புல்லாயிற்று, விளக்குமாற்றுக் குச்சி தென்னந்தோப்பாயிற்று. மலைக்கு நடுவே ஒரு குகை. தண்டவாளம் புதுசாகப் பளபளத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று, அதன் பக்கவாட்டிலும் குறுக்குக் கட்டையிலும் துரு நிறத்தில் பெயின்ட் வேறு அடித்திருந்தார். சோபா பின்கட்டுக்குப் போய்விட்டது. விருந்தாளிகள் சமையலறையில் நின்றுகொண்டே காபி குடித்தார்கள்.

நான் ஒருநாள் வாய் தவறி "பொம்மை ரயில் ஜோரா இருக்குண்ணே" என்றுவிட்டேன்.

"பொம்மை இல்லீங்க, மாடலுங்க. இன்னொரு லைன் போட்டுட்டா இது ஜங்ஷனுங்க."

இதையே தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி, மனுஷன் ஜங்ஷன்காரர் ஆகிவிட்டார்.

ரயில் நன்றாகத்தான் ஓடியது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை. அன்றைக்கு மட்டும் குகை வாசலுக்கு வந்ததும் ஒரு விக்கல் விக்கும், நின்றுவிடும். சனிக்கிழமையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தண்டவாளம் முழுக்க உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பார். திங்கட்கிழமை ஜாம் ஜாமென்று ஓடும். மறுபடி வெள்ளிக்கிழமை வந்தால் குகை வாசலில் விக்கல்.

வேறு யாராக இருந்தாலும் ரயிலைச் சோதித்திருப்பார்கள். ஜங்ஷன்காரர் தெருவைச் சோதித்தார்.

முதலில் மாட்டியது கிரைண்டர் அக்கா. "ஏனுங்க, வெள்ளிக்கெழம மாவு ஆட்டறீங்களே, வேணும்னேங்களா?"

"எனக்கென்னங்க வேண்டுதல்? சனிக்கெழம ஊரே இட்லி திங்குதுங்க."

"இல்லீங்க, உங்க கல்லு சுத்துனா என்ற வண்டிக்குக் கரண்டு பத்தறதில்லீங்க. கல்லு அந்தப் பக்கமா சுத்துதுங்களா, இந்தப் பக்கமா சுத்துதுங்களா?"

அந்த அம்மாள் பாவம், ஒரு வெள்ளிக்கிழமை கிரைண்டரை நிறுத்திப் பார்த்தார். ரயில் நின்றது. தெருவில் இட்லியும் நின்றது.

அடுத்தது நான். வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில் வாரப் பத்திரிகை வாங்கிப் படிக்கப் போவேன். "ஏனுங்க சார், நீங்க வந்தா வண்டி நிக்குதுங்க, போனாலும் நிக்குதுங்க. மதுரையில இருந்தப்ப ஏதாச்சும் இப்படிப் பிரச்சினைங்களா உங்களுக்கு?"

யாராவது ரகசியமாக வருகிறார்களோ என்று ஹால் வாசலில் அரிசி மாவு தூவி வைத்தார். காலையில் பார்த்தால் ஒரே ஒரு ஜதை காலடி. செருப்பைக் கழற்றித் தன் காலை வைத்து அளந்து பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தியது. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "காலடி என்னுதுதானுங்க. ஆனா நான் எதுக்கு அங்க போனேன்னு ஞாவகம் இல்லீங்க. அதான் சந்தேகமா இருக்குது." நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அதற்கும் விசாரணை வரும்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வாசல் கேட்டைப் பூட்டி, தெருவிலிருந்து ஈ எறும்பு உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து சுவிட்சைப் போட்டார். ரயில் குகை வாசலில் நின்றது. வீட்டுக்குள் இருந்த ஒரே ஆள் அவர் மனைவி.

அந்த அக்காவை அவர் "அம்மணி" என்று கூப்பிட்டுத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். அக்காவிடம் அவர் வா, போ என்று பேசுவதுதான் அந்த வீட்டில் பாசம். அன்றைக்கு அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாராம். "ஏனுங்க, நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களாங்க?"

அவ்வளவுதான். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதார். "எனக்கு 'ங்க' போட்டுட்டாரு கண்ணு! இத்தன வருசம் குடும்பம் நடத்தி, எனக்கே 'ங்க' போட்டுட்டாரு!"

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அக்காவின் அண்ணனுக்குப் போன் போயிற்று. அவர் மறுநாளே ஆவேசமாகக் கிளம்பி வந்தார். வந்தவர் ஆட்டோக்காரரிடம் "ஜங்ஷன்காரர் ஊடு" என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் "ஜங்ஷன்" என்று மட்டும் சொல்ல, ஆட்டோக்காரர் நேராகப் போத்தனூர் ஜங்ஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கிருந்து திரும்பி வந்து சேர்வதற்குள் கோபம் இரண்டு பங்காகிவிட்டது. தங்கையின் பெட்டியை ஒரு கையிலும் தங்கையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். அக்கா கேட்டருகே திரும்பி, "போறனுங்க" என்றார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. தெருவே அதைக் கவனித்தது. ஜங்ஷன்காரர் சுவிட்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் நிற்கவே இல்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "பாருங்க, அவ இல்லீன்னா ஓடுது." குகைக்குள் போவதும் வருவதுமாக ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. ஜெயித்த ஆள் முகம் அப்படியா இருக்கும்? சவரம் செய்யவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். சமையலறையில் காய்ந்துபோன பன்னு கிடந்தது. "நல்லா ஓடுதுங்க," என்றார் திரும்பவும், யாரோ திட்டியது மாதிரி. அந்த அக்கா இனித் திரும்பி வராமலே போய்விடுவாரோ என்று எனக்கே பகீரென்றது.

அவருக்குச் சோறும் ரசமும் கொடுக்க வந்த என் மனைவிதான் மேடைப் பக்கம் குனிந்து பார்த்தாள். "அட, அக்கா குகைக்குக்கூட வாசப்படி மஞ்சள் பூசியிருக்காங்களே!"

ஜங்ஷன்காரர் திடுக்கிட்டார். "அது நான் அடிச்ச பெயின்டுங்க."

"எந்த ஊர்லண்ணே பெயின்ட்ல மஞ்சள் வாசம் வரும்? இதோ குங்குமப் பொட்டு பாருங்க."

கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தார். குகையின் இரண்டு பக்கமும், கட்டையிலும், அவருடைய துரு நிறத்தோடு நிறமாக, வாராவாரம் பூசிய மஞ்சளும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. தண்டவாளத்தின் மேல் பூசியதை மட்டும் ஞாயிறுதோறும் இவரே தேய்த்து எடுத்திருக்கிறார். மஞ்சள் காய்ந்தால் கரண்டு எப்படிச் சக்கரத்துக்குப் போகும்? நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். "சார்," என்றார், "ஈரோட்டுக்குத் துணைக்கு வாரீங்களா?" அந்தப் பேச்சில் 'ங்க' ரொம்பக் குறைவு.

ரயிலில்தான் போனோம். வழியில் சிக்னலுக்காக வண்டி நின்றதும் "இங்க யாரு என்ன பண்ணுனாங்களோ" என்று ஜன்னலில் தலையை நீட்டினார். பிடித்து உட்காரவைத்தேன்.

ஈரோட்டில் மச்சான் "வாங்க மாப்பிள்ள" என்ற தோரணையில் எனக்கே குளிர் எடுத்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்காவின் சேலை தெரிந்தது. நம் ஆள் பதற்றத்தில் எழுந்து நின்று, "நல்லா இருக்கறீங்களாங்க?" என்று கேட்டுவிட்டார். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணா, யாரோ வந்திருக்கறாங்க. மோர் குடுத்து அனுப்பு."

ஜங்ஷன்காரர் உட்கார்ந்தார், எழுந்தார், தூணைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி," என்றார். "அந்தக் குகைக்கு மஞ்ச பூசுனது நீதான?"

கதவு கொஞ்சம் திறந்தது. "ஆமாங்க. வண்டி உள்ள போற எடம் வாசல்தானுங்களே? வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசப்படிய வெறுமனே உடறதுங்களா? தெருவே வந்து கண்ணு வெச்சுப்போட்டுப் போவுது. அதுக்கோசரம் பூசினேன். அது குத்தமுங்களா?"

"குத்தமில்ல அம்மணி. ஆனா அதுலதான் வண்டி நிக்குது."

மச்சான் குதித்து எழுந்தார். "என்னங்க சொல்றீங்க? என்ற மண்டி மஞ்சளுங்க அது! கல்லாட்டம் கெழங்கு! அதுலயா வண்டி நிக்குது?" மஞ்சளில் தப்பில்லை, கரண்டில்தான் தப்பு என்று நான் சமாதானம் செய்யப் பெரும்பாடாகிவிட்டது.

அக்கா வெளியே வந்து நின்றார். "வண்டி நிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க என்னைய வேத்தாளுன்னு நெனச்சுப்போட்டீங்க. இப்பவும் சொல்றேன், பூசறத நிறுத்தமாட்டேன். அது உங்களுக்கோசரம் பூசறதுங்க."

ஜங்ஷன்காரர் தரையைப் பார்த்தார். ஒரு பம்பைத் தள்ளுவதா எடுத்துக்கொள்வதா என்று பார்க்கிற பார்வை. பிறகு சொன்னார். "நீ பூசு அம்மணி. வண்டி நிக்கற எடத்துல ஒரு ஸ்டேசனக் கட்டிப்போடறேன்."

அக்கா முதலில் முறைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. "இதுல ஏதோ சூது இருக்குதுங்க," என்றார் மச்சான் என் காதில்.

ஸ்டேஷன் வந்தது. குகை வாசலுக்கு முன்னால் சின்னதாகப் பிளாட்பாரம், ஒரு பெஞ்சு, தீக்குச்சியில் விளக்குக் கம்பம். ஒரு வெள்ளிக்கிழமை பம்ப் கம்பெனி நண்பர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். ரயில் குகை வாசலில் விக்கி நின்றது. நண்பர் விரலை நீட்டினார். "தண்டவாளத்துல ஏதோ அழுக்குங்க. தொடச்சுப்போட்டா ஓடும்."

ஜங்ஷன்காரர் அவர் கையைப் பிடித்துவிட்டார். "தொட்டுப்போடாதீங்க. அது ஸ்டாப்பிங்குங்க." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மணி, வண்டி வந்துருச்சு!"

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விரல் நுனியால் இன்ஜினை மெதுவாகத் தள்ளிவிட்டு, "போயிட்டு வா கண்ணு," என்றார். ரயில் குகைக்குள் போயிற்று. ஜங்ஷன்காரர் ரயிலைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்? அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க சார், கண்ணுல தண்ணி வருதுங்களே, எதுக்குங்க?"

"உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தாண்ணே," என்றேன்.

நம்பவில்லை. தலையைச் சாய்த்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பாவிட்டால் போகிறது, எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும்.